செகண்ட் பேஸில் பதிந்த கால்

கேள்வி: எனக்கு 41 வயது. நியூஜெர்சியில் ஐ.டி. வேலை. கோடையில் அலுவலக நண்பர்கள் சேர்ந்து, பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆடுகிறோம். ஓடுபவர்கள் தொட வேண்டிய பேஸ்களில் இரண்டாவதான செகண்ட் பேஸைக் காப்பது நான். ஒன்பது நாளுக்கு முன் டபுள் பிளேயில் (ஒரே பந்தில் இருவரை அவுட் ஆக்குவது) பந்தை வாங்கி, ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் திரும்பி எறியும்போது, ஓடிவந்தவர் சறுக்கி என் இடது காலில் மோதினார். கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கி நீலம் பாய்ந்தது, கெண்டைக்கால் தோலும் சிராய்ந்தது. அன்று இரண்டு பேர் தாங்கித்தான் காருக்கு வந்தேன். இன்னும் நொண்டுகிறேன். எக்ஸ்ரே எடுக்கவில்லை. இது வெறும் சுளுக்குதானா? இனி எப்படி நின்றால் பாதுகாப்பு? 'சறுக்குவது ஆட்டத்தில் உள்ளதுதானே' என்கிறார் மோதியவர். மனைவியோ ஆட்டத்தையே விடச் சொல்கிறார்.

பதில்: முதலில் எக்ஸ்ரே எடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அடிபட்ட கணுக்காலுக்கெல்லாம் படம் தேவையில்லை. கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் மருத்துவர்கள் இதற்கென்று எளிய விதி ஒன்றை வகுத்தார்கள். நாங்கள் இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறோம். அடிபட்ட உடனேயும், மருத்துவரிடம் வரும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. நடக்க முடிந்தாலும், கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின் விளிம்பையோ நுனியையோ அமுக்கினால் வலித்தால் எக்ஸ்ரே. பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே முட்டிக்கொண்டிருக்கும் எலும்பு வலித்தாலும் அப்படியே. உங்கள் விஷயத்தில் நான் அமுக்கிப் பார்க்கும் வரைகூடக் காத்திருக்க மாட்டேன். அன்று தாங்கிப் பிடித்து வந்திருக்கிறீர்கள், ஒன்பது நாளாகியும் நொண்டுகிறீர்கள், அதுவே போதும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமும் அமுக்கிப் பாருங்கள். கணுக்காலை முறுக்கிய விசை மேலேறி, கெண்டைக்காலின் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவை அங்கே உடைப்பதுண்டு. அங்கு வலித்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், கணுக்காலை மட்டும் படம் எடுத்தால் அது தப்பிவிடும்.

சிராய்ப்பு மண்ணில் பட்டது. கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் இப்படி ஆனது? நம்மவர்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். ரன் அவுட்டுக்குப் பயந்து பாய்ந்தாலும் அங்கே இருப்பது வெறும் சுண்ணாம்புக் கோடு. அதைக் கடந்து எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம். சாஃப்ட்பாலில் ஃபர்ஸ்ட் பேஸை அப்படிக் கடந்து ஓடலாம். செகண்டிலும் தேர்டிலும் கடந்து போய்விட்டால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள். அதனால் முழு வேகத்தில் வந்து, தரையில் அறைந்து நிறுத்தியிருக்கும் ஒரு மூட்டையின் மேல் நிற்க வேண்டும். சறுக்கல் பிறந்தது அந்தக் கட்டாயத்தில்தான். மூட்டை நகராது, ஓடி வருபவரின் உடம்பு நிற்காது. இடையில் மாட்டிக்கொள்வது யாரோ ஒருவரின் கணுக்கால்.

பெரும்பாலும் அது சறுக்குபவரின் கணுக்கால்தான். 1988-ல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் பொழுதுபோக்கு சாஃப்ட்பால் ஆட்டங்களை எண்ணிப் பார்த்து வெளியிட்ட கணக்கு இது: அசையாத பேஸ் வைத்த 627 ஆட்டங்களில் சறுக்கலால் 45 காயங்கள். இடித்தால் கழன்று போகும் பேஸ் வைத்த 633 ஆட்டங்களில் இரண்டே இரண்டு. மாத்திரை மருந்துகளில்கூட இப்படி ஒரு வித்தியாசத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் குழு ஜெர்சிக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சத்தை இந்தப் பேஸுக்குச் செலவழிக்கலாம்.

ஆனால் கழலும் பேஸ் உங்களை, அதாவது பீல்டரைக் காப்பாற்றாது. எறிவதற்காக நீங்கள் இடுப்பைத் திருப்பும்போது உடம்பின் பாரமெல்லாம் ஒரு காலில் இறங்கியிருக்கிறது, ஷூவின் முட்கள் மண்ணைக் கவ்வியிருக்கின்றன. அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு மோதல் வந்தால் பாதம் வழுக்கிக் கொடுக்க முடியாது. எலும்போ தசைநாரோதான் கொடுக்க வேண்டும். அதே ஆள் அதே வேகத்தில் அந்தரத்தில் இருக்கும் காலை இடித்திருந்தால் விழுந்து எழுந்திருப்பீர்கள், அவ்வளவுதான். ஆகவே பந்து கைக்கு வந்ததும் பேஸின் ஓரத்தைத் தொட்டுவிட்டு, ஓடுபாதையிலிருந்து ஓர் எட்டு விலகி எறியுங்கள். எறிந்த கையோடு கால் தரையை விட்டு எழும்பட்டும். ஓடி வருபவர் நெருங்கிவிட்டால் அந்த ஒரு அவுட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; இரண்டாவது அவுட் கிடைக்காததற்காக உங்கள் அலுவலகத்தில் யாரும் சம்பளத்தைக் குறைக்கப் போவதில்லை. கையில் பந்து இல்லாமல் பேஸை மறித்து நிற்கவும் கூடாது. அது விதிப்படியும் தப்பு.

மோதியவர் சொன்னது பாதி சரி. சறுக்கலாம், ஆனால் பேஸை நோக்கித்தான் சறுக்க வேண்டும், ஆளை நோக்கி அல்ல. தொழில்முறை பேஸ்பாலிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2015 அக்டோபரில் டாட்ஜர்ஸ் அணியின் சேஸ் அட்லி சறுக்கியதில் மெட்ஸ் வீரர் ரூபன் தெஹாடாவின் ஃபிபுலா உடைந்தது. அவரும் உங்களைப் போல டபுள் பிளேக்காகத் திரும்பியவர்தான். அடுத்த ஆண்டே விதி மாறியது: பேஸை அடையும் முன்பே உடம்பு தரையைத் தொட வேண்டும், பேஸை எட்டவும் அதிலேயே நிற்கவும் முயல வேண்டும், பீல்டரை இடிப்பதற்காகப் பாதையை மாற்றக் கூடாது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்களுக்கே இவ்வளவு என்றால், திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டியவர்களுக்கு இன்னும் கடுமையாகவே இருக்கலாம். சறுக்கலை அடியோடு தடை செய்யும் ஸ்லோபிட்ச் (பந்தை மெதுவாக வளைத்து எறியும் சாஃப்ட்பால்) லீக்குகள் உண்டு. 40 தாண்டியவர்கள் ஆடும் இடத்தில் என் ஓட்டு அதற்குத்தான். இரும்பு முள் வைத்த ஷூவுக்கும் தடை போடுங்கள். எது விதி என்று ஆட்டம் தொடங்கும் முன் அம்பயரை வைத்து இரண்டு அணிக்கும் சொல்லிவிடுங்கள். சறுக்கலாமா கூடாதா என்று கடைசி எட்டில் யோசிப்பவர்தான் அரைகுறையாக விழுந்து இருவரையும் உடைக்கிறார்.

உங்கள் மனைவியிடம் ஆட்டத்தை விட வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். எலும்பு முறிவு இல்லையென்று தெரிந்த பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லும் சமநிலைப் பயிற்சிகளைச் செய்யுங்கள். இடது காலில் மட்டும் நின்று, வலியில்லாமல் பத்து முறை குதிக்க முடிகிற வரை மைதானத்துக்குப் போனாலும் ஸ்கோர் எழுதும் நாற்காலிதான் உங்களுக்கு.