ஸ்கூல் நெட்வொர்க்: இந்த வாட்டி வந்த கேள்விகள்

கேள்வி: லேப்ல 20 கம்ப்யூட்டர். எல்லாத்தையும் கேபிள்ல ஒண்ணா சேர்க்க எத்தனை போர்ட் சுவிட்ச் வாங்கலாம்?

24 போர்ட், அதாவது கேபிள் சொருகுற ஓட்டை 24, கிகாபிட். பிரிண்டர், ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் குடுக்கிற பெட்டி), ரவுட்டர் போக ஒண்ணுதான் மிஞ்சும், அதனால புது சிஸ்டம் வரும்னா இப்பவே யோசிச்சுக்கோங்க. ஒவ்வொரு கேபிளுக்கும் ரெண்டு முனையிலயும் லேபிள் ஒட்டுங்க.

கேள்வி: கேபிளே வேணாம், ஒரு நல்ல வைஃபை ரவுட்டர் போட்டா 60 பசங்களுக்குப் போதாதா? பெட்டியில 200 பேர்னு போட்டிருக்கு.

200 பேர் கனெக்ட் ஆகலாம், வேலை பாக்க முடியாது. ஒரு சேனல்ல இருக்கிற எல்லாரும் மாறி மாறித்தான் பேசணும், அதான் வைஃபை. ஒரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 25, 30 பேருக்கு மேல திட்டம் போடாதீங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணே மூணுதான், பக்கத்து பக்கத்து கிளாஸ்னா 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓட்டுங்க. இடத்தை விட்டு நகராத கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் கேபிள்தான்.

கேள்வி: நெட் ஸ்லோ. என்ன பண்ண?

எத்தனை பேர், கேபிளா வைஃபையா, என்ன பிளான், எப்போ ஸ்லோ, எதுவுமே சொல்லாம கேட்டா நான் ஜோசியமா பாக்கறது? ஒரு லேப்டாப்பை நேரா ரவுட்டர்ல கேபிள் போட்டு ஸ்பீடு பாருங்க. அங்கயே கம்மின்னா லைன் கம்பெனிய கேளுங்க, அங்க நல்லா இருந்தா தப்பு உங்க பக்கம்.

கேள்வி: கேட் 6 ரக நெட்வொர்க் கேபிள் ஒரு இடத்துல பாதி விலைக்குத் தர்றாங்க. வாங்கலாமா?

வேணாம். எத்தனை தடவை எழுதினாலும் மாசம் ஒருத்தர் இதைக் கேக்கறீங்க! பாதி விலைன்னா அது பெரும்பாலும் சிசிஏ, அதாவது உள்ள அலுமினியம், மேல செம்புத்தோல். ரெசிஸ்டன்ஸ் சுத்தச் செம்பை விட சுமார் ஒண்ணரை மடங்கு, அதுல பிஓஇ வழியா, அதாவது நெட் கேபிள்லயே, ஆக்சஸ் பாயின்ட்டுக்கு கரன்ட் அனுப்பினா தூரம் போகப் போக வோல்டேஜ் இறங்கும், கட்டுக்கட்டா போற இடத்துல சூடும் ஏறும். ரெண்டு மூணு தடவை வளைச்சா ஒடியும். ஸ்டாண்டர்டுப்படி அது கேட் 6 கேபிளே கிடையாது, பெட்டியில என்ன அச்சடிச்சிருந்தாலும் சரி. கம்பியை பிளேடால சுரண்டிப் பாருங்க, வெள்ளையா தெரிஞ்சா அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க. காசு இல்லையா, சுத்தச் செம்பு கேட் 5இ வாங்குங்க, 100 மீட்டர் வரைக்கும் 1 கிகாபிட் தாராளமா போகும், சின்னப் பசங்களுக்கு அதுவே ஜாஸ்தி. கம்ப்யூட்டரை அஞ்சாறு வருஷத்துல மாத்திடுவீங்க, சுவத்துக்குள்ள போன கேபிளை யார் தோண்டி எடுக்கப் போறா? அப்புறம் லேபிள், ரெண்டு முனையிலயும்.

கேள்வி: பக்கத்து பில்டிங் 130 மீட்டர். நீளமா ஒரே கேபிள் விடலாமா?

செம்புக்கு 100 மீட்டர்தான் எல்லை. ஃபைபர் போடுங்க, அது கண்ணாடி இழை, இடி மின்னல்ல ஒரு பில்டிங்லேருந்து இன்னொண்ணுக்கு கரன்ட் தாவாது.

கேள்வி: திடீர்னு சில சிஸ்டத்துல மட்டும் நெட் வரல, ஐபி வேற மாதிரி காட்டுது.

யாரோ டீச்சர் வீட்டு ரவுட்டரைக் கொண்டாந்து சுவத்து போர்ட்ல சொருகியிருக்காங்க, அதுவும் டிஹெச்சிபி குடுக்குது, அதாவது சிஸ்டத்துக்கெல்லாம் தானா ஐபி அட்ரஸ் ஒதுக்குது. தேடிப் பிடிங்க. லேபிள் இருந்தா அஞ்சு நிமிஷம், இல்லாட்டி சாயங்காலம் வரைக்கும்.

கேள்வி: பசங்க கண்ட சைட்டுக்குப் போகாம காசில்லாம தடுக்க வழி இருக்கா?

ரவுட்டர்ல டிஎன்எஸ் (சைட் பேரை ஐபி அட்ரஸா மாத்திக் குடுக்கிற சர்வர்) 1.1.1.3, ரெண்டாவது 1.0.0.3 போடுங்க, ஆபாச சைட்டும் மால்வேரும் பெரும்பாலும் நின்னுடும். வேற டிஎன்எஸ்ஸுக்குப் போற போர்ட் 53ஐயும் (இது கேபிள் ஓட்டை இல்ல, டிஎன்எஸ் போற வழியோட நம்பர்) ரவுட்டர்ல மூடிடுங்க. முழுசா தடுக்கும்னு நம்பிடாதீங்க. ஆஃபீஸ் கம்ப்யூட்டரை தனி விலேன்ல (அதே சுவிட்ச்லயே தனியா பிரிச்ச நெட்வொர்க்) வைங்க, மார்க் லிஸ்ட் இருக்கிற இடத்துல பசங்களுக்கு என்ன வேலை?

கேள்வி: 4 ஜிபி ராம் பழைய சிஸ்டம், விண்டோஸ் 10. தூக்கிப் போட்டுடலாமா?

விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபரோட முடிஞ்சுது. பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி மாட்டி லைட்டான லினக்ஸ் போடுங்க, இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும்.

கேள்வி: சர்வர் வேணும்னு ஒருத்தர் கொட்டேஷன் குடுத்திருக்கார்.

20 கம்ப்யூட்டருக்கா? வேணாம். அந்தக் காசுல ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் யுபிஎஸ் வாங்குங்க.