சவாசனத்தில் படுத்தால் படபடப்பு

வணக்கம். எனக்கு 36 வயது. எட்டு மாதங்களுக்கு முன் ஸ்கூட்டியில் போனபோது பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளியது. மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது. ஆனால் இன்றும் பின்னால் ஏர்ஹாரன் கேட்டால் தோள் இரண்டும் இறுகி, மூச்சு நின்றுவிடுகிறது. ஸ்கூட்டியை விற்றுவிடலாம் என்கிறார் அப்பா. யோகா வகுப்பில் கண்ணை மூடிப் படுத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மூன்றே நிமிடத்தில் நெஞ்சு படபடத்து வெளியே ஓடிவந்துவிட்டேன். உடல் வழியாகச் சரிசெய்யும் சிகிச்சை இருக்கிறதாமே, அது எனக்குப் பொருந்துமா?

வாசகி, திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

ஓடிவந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. உடல் இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் கண்ணை மூடி உள்ளே கவனித்தால் முதலில் தெரிவது நெஞ்சுத் துடிப்புதான். அதையே ஆபத்தென்று மூளை எடுத்துக்கொள்ள, துடிப்பு இன்னும் ஏறுகிறது. எனவே வரிசையை மாற்றுங்கள்: கண் திறந்திருக்கட்டும், உட்கார்ந்தே செய்யுங்கள், கவனம் முதலில் வெளியே.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உங்கள் பயம் முதுகுப்பக்கத்திலிருந்து வருவது. பின்னால் சுவர் இருப்பது உங்களுக்கு முக்கியம். கழுத்தை மெல்லத் திருப்பி, சன்னல், காலண்டர், கதவு என்று கண்ணில் படுவதைப் பெயர் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் போதும். பிறகு உடம்பில் தொந்தரவில்லாத ஓர் இடம், பலருக்கும் உள்ளங்கால்தான், அங்கே அரை நிமிடம் கவனம் வையுங்கள். அடுத்து இறுகிய தோளை ஐந்து பத்து நொடி எட்டிப் பார்த்துவிட்டுக் காலுக்கே திரும்புங்கள். மூன்று நான்கு முறை போய்வந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. நீங்கள் கேட்ட உடல்வழிச் சிகிச்சைகளில் ஒன்றான, அமெரிக்கரான பீட்டர் லெவின் உருவாக்கிய சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் முறையில் இந்தப் போய்வருதல் ஓர் அடிப்படைப் பயிற்சி. பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 6ஐத் தாண்டினால் தோளை விட்டுவிட்டுச் சன்னலைப் பாருங்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது அவசரத்தால்தான். ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட நினைப்பவர்கள் மறுநாள் தூக்கமில்லாமல் தவிப்பதுண்டு. நடுக்கம் தானாக வந்தால் வரட்டும், வரவழைக்காதீர்கள். உடம்பு மரத்து, சத்தமெல்லாம் தூரத்தில் கேட்பதுபோல் ஆனால் அதை அமைதி என்று நினைத்துவிடாதீர்கள். எழுந்து நின்று, மணிக்கட்டு வலிக்காத அளவுக்குச் சுவரைத் தள்ளுங்கள். ஆழமூச்சும் இப்போது வேண்டாம். வேகமாக இழுத்து இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரமரக்கும். மூன்று எண்ணி இழுத்து ஐந்து எண்ணி விடுங்கள், அவ்வளவுதான்.

இது துணைப்பயிற்சிதான். எட்டு மாதம் நீடிப்பதால் மனநல மருத்துவரையோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டையோ பார்ப்பது அவசியம். உடல்வழி முறைகளுக்கு ஆய்வுச் சான்று இன்னும் குறைவு. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடியும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் என்ற சிகிச்சையும். எங்கே போனாலும் முதல் நாளே கேளுங்கள்: தொடுவீர்களா, தொடுமுன் அனுமதி கேட்பீர்களா, நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். கழுத்தில் உள்காயம் இருக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். உடனே பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416; கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

ஸ்கூட்டியை இப்போதைக்கு விற்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். தோள் இறுகுவது நிற்கும்வரை சாலையில் ஓட்டவும் வேண்டாம். வாசலில் ஸ்டாண்டு போட்டு, சாவியில்லாமல், தினம் இரண்டு நிமிடம் அதன்மேல் உட்கார்ந்து பழகுங்கள்.