ஸ்டீராய்டு மாத்திரையால் ஏறும் எடை: டோஸைத் தொடாமல் என்ன செய்யலாம்?

“லூபஸுக்காக 6 மாதமாகப் பிரெட்னிசலோன் எடுக்கிறேன். 9 கிலோ ஏறிவிட்டது, முகமெல்லாம் உப்பிப்போய்விட்டது. மாத்திரையை நிறுத்தினால் குறையுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். (லூபஸ் என்பது நோய் எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய். பிரெட்னிசலோன் அதை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை.)

நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். எனக்கும் லூபஸ்தான். 40 மில்லிகிராமில் ஆரம்பித்து, ஏறி இறங்கி, இப்போது 5இல் நிற்கிறேன். டாக்டர் இல்லை, இந்த மாத்திரையோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவள், அவ்வளவுதான்.

சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்ட்டிசால் என்ற, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கின்றன. பிரெட்னிசலோன் கணக்கில் சொன்னால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம். அதைவிட அதிகமாக வாரக்கணக்கில் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், சமையலுக்கு ஆள் வைத்த பிறகு அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காதவரைப் போலச் சுரப்பி சும்மா உட்கார்ந்துவிடும். மாத்திரை திடீரென்று நின்றால் அதனால் உடனே எழுந்து வேலை பார்க்க முடியாது. ரத்த அழுத்தம் இறங்கி, வாந்தியும் தலைசுற்றலுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி பேதி வந்து மாத்திரை வயிற்றில் தங்காத நாளிலும் இதே ஆபத்து உண்டு. அன்றைக்கு வீட்டில் சுருண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டபோது, நடக்க முடியாமல் கிடந்த மூட்டுவாத நோயாளி சில நாளிலேயே எழுந்து நடந்தார். இந்த ஆராய்ச்சிக்கு 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. முகம் உருண்டையாவதையும் அந்தக் காலத்திலேயே பார்த்துவிட்டார்கள். ஆக, உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை இது.

சரி, எடைக்கு வருவோம். ஏறிய 9 கிலோவும் கொழுப்பு என்று நினைக்காதீர்கள். ஒரு பங்கு நீர். ஒரு பங்கு, பசி தாங்காமல் சாப்பிட்டது. போதாததற்கு, இருக்கிற கொழுப்பும் இடம் மாறி முகம், பிடரி, வயிறு என்று போய்ச் சேர்கிறது. எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது ரவிக்கைதான். தெருவில் தைக்கும் பெண்ணிடம் பழைய ரவிக்கையைப் போட்டுக் காட்டினேன். முன்பக்கம் கொக்கி எட்டவில்லை, பிடரியில் துணி இறுக்குகிறது, கை மட்டும் தொளதொளவென்று தொங்குகிறது. “உடம்பு ஏறினா கையும் சேர்ந்துதானேக்கா ஏறணும்?” என்று அவளுக்கு ஒரே குழப்பம். கை மெலிந்ததற்குக் காரணம் தசை கரைந்தது. எடை மெஷினில் ஏறி நின்றால் இதெல்லாம் தெரியாது, ஒரே ஒரு எண்தான் தெரியும். அதனால்தான் அந்த எண்ணை வைத்து மட்டும் பட்டினி கிடக்கக் கூடாது என்கிறேன். பட்டினி கிடந்தால் மிச்சமிருக்கும் தசையும் சேர்ந்து போகும்.

நீருக்கு மருந்து உப்பைக் குறைப்பதுதான். ஸ்டீராய்டு உப்பை உடம்பில் பிடித்து வைக்கும், உப்பு நீரைப் பிடித்து வைக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். “நாங்க சாம்பார்ல உப்பு கம்மியாத்தான் போடறோம்” என்பார்கள், பக்கத்திலேயே அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், வற்றல், கருவாடு எல்லாம் இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் ஒருத்திக்காகத் தனி சமையல் நடக்காது. நான் சாம்பாரை விட்டுவிட்டு இந்தத் தொட்டுக்கொள்ளும் ஐட்டங்களை மட்டும் என் தட்டிலிருந்து எடுத்தேன். சில வாரத்தில் வளையல் பழையபடி கையில் ஏறியது. கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்குவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். அதில் பொட்டாசியம் இருக்கும், லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் அது நல்லதில்லை.

இன்னொன்று: இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்ததாக இருக்காது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால், சிறுநீர் நுரைத்துப் போனால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டிய விஷயம் அது.

இனி பசி. எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது இதுதான். “வாயைக் கட்டுங்க” என்று சொல்கிறவர்கள் ஒருநாள் 40 மில்லிகிராம் பசியை அனுபவித்துப் பார்க்க வேண்டும். மூளையில் பசியைத் தூண்டும் இடத்திலேயே போய் வேலை செய்கிற மருந்து இது. சாப்பிட்டுக் கை கழுவிய ஒரு மணி நேரத்தில் அடுத்தது என்ன என்று மனசு தேடும். மன உறுதியை மட்டும் நம்பினால் நடக்காது, சமையலறையை மாற்றி அமைக்க வேண்டும்.

அலுவலகத்துக்கு இரண்டு டப்பா கொண்டுபோவேன். பெரியதில் சோறு, சின்னதில் பொரியல் என்றிருந்ததை அப்படியே மாற்றினேன். பெரிய டப்பாவில் கீரையோ அவரைக்காயோ கோஸோ பருப்பு போட்டுக் கூட்டாக, சின்ன டப்பாவில் சோறு. பார்க்க நிறையச் சாப்பிட்ட மாதிரியும் இருக்கும், பசியும் தாங்கும். காலையில் நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் பத்தரைக்கே வயிறு கூப்பிடும். இரண்டு இட்லி, ஒரு முட்டை, கொஞ்சம் சாம்பார் என்றால் மதியம் வரை ஓடும். பாசிப்பயறு தோசை, அடை இரண்டும் நல்லது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் புரதம் எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலை நாலு மணிதான் சோதனையான நேரம். டீயோடு வாழைக்காய் பஜ்ஜி பொட்டலம் மேஜை மேஜையாக வரும். வீட்டிலிருந்து கொண்டுபோன கொண்டைக்கடலைச் சுண்டலோ அவித்த வேர்க்கடலையோ கையில் இருந்தால்தான் வேண்டாம் என்று சொல்லத் தெம்பு வரும். வெறுங்கையோடு அந்தப் பொட்டலத்தைப் பார்க்கக் கூடாது. டீயில் சர்க்கரையையும் அப்போதே விட்டேன்.

சர்க்கரை என்றதும் நினைவு வருகிறது. காலையில் பிரெட்னிசலோன் போடுகிறவர்களுக்கு ரத்த சர்க்கரை மதியத்துக்குப் பிறகுதான் அதிகம் ஏறும். வெறும் வயிற்றில் எடுத்த டெஸ்ட் நார்மலாகவே வரலாம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள், கூடவே மூன்று மாத சர்க்கரைச் சராசரியும் (HbA1c டெஸ்ட்). மாத்திரையைப் பொதுவாகக் காலை டிபனுக்குப் பிறகு போடச் சொல்வார்கள். சாயங்காலம் போட்டால் பலருக்குத் தூக்கம் வராது. தூக்கம் வராதவர் நள்ளிரவில் எங்கே போய் நிற்பார்? பிரிட்ஜுக்கு முன்னால்தான்.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று ஆளாளுக்குக் கொள்ளு ரசம் சொல்வார்கள். சாப்பிடுங்கள், நல்ல பயறுதான், வயிறு நிறையும். அது கொழுப்பைக் கரைத்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அதிமதுரம் வேண்டாம். இருமல் கஷாயம், மூலிகை டீ என்று பலவற்றில் கலந்திருக்கும். அதுவும் ஸ்டீராய்டைப் போலவே உப்பையும் நீரையும் பிடித்து வைத்து, பொட்டாசியத்தைக் குறைக்கும். பெயர் தெரியாத எடை குறைப்புப் பொடிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. ஸ்டீராய்டு முதலில் கை வைப்பது தொடையிலும் தோளிலும். கீழே உட்கார்ந்தால் எதையாவது பிடிக்காமல் எழ முடியவில்லையா, அது அடையாளம். நான் செய்வது எளிமையானது: சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் நிறைத்த அரை லிட்டர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. டிவி சீரியல் ஓடும்போதே செய்துவிடலாம். எலும்பு பலமிழந்திருந்தால் (ஆஸ்டியோபோரோசிஸ்) அதிக பாரம் தூக்குவதும் குனிந்து இழுப்பதும் கூடாது. தொடை இடுக்கில் விடாமல் வலித்தால் தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு இடுப்பு எலும்பின் ரத்த ஓட்டத்தைக் கெடுப்பதுண்டு.

ஊர் வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். “உடம்பு நல்லா தேறிடுச்சே, முகத்துல ஒரு களை வந்திருக்கு” என்று கல்யாண வீட்டில் சந்தோஷமாகச் சொல்வார்கள், நமக்கு அழுகை வரும். அவர்கள் மெச்சித்தான் சொல்கிறார்கள். நான் “மருந்து, சித்தி” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு இலை பக்கம் போய்விடுவேன்.

எனக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே வந்த பிறகுதான் பசி மனுஷப் பசியாக மாறியது. முகம் வடிய அதற்கும் மேலே மாதங்கள் ஆயின. அதனால் டோஸைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் பேசத்தான் வேண்டும், நீங்களாக நிறுத்தத்தான் கூடாது. லூபஸில் நோய் அடங்கிய பிறகு தினசரி அளவு 5 மில்லிகிராமோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும், முடிந்தால் நிறுத்திவிட வேண்டும் என்றுதான் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் 2023 வழிகாட்டுதலும் சொல்கிறது. ஹைட்ராக்சிக்ளோரோகுயின், அசதயோப்ரின், மைகோபினோலேட் போன்றவை ஸ்டீராய்டைக் குறைக்கக் கைகொடுக்கும் மருந்துகள். இவற்றில் எது உங்களுக்கு ஒத்துவரும், எவ்வளவு வேகத்தில் குறைக்கலாம், எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் எவ்வளவு என்று நேராகவே கேளுங்கள். ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். வாரம் ஒருமுறை காலையில் எடுத்த எடை, பிரஷர், மதியச் சர்க்கரை மூன்றையும் ஒரே தாளில் தேதி போட்டு எழுதி, கேள்விகளை அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்.