புது கிட்டாரைப் பழசாக்கணுமா? உப்புத்தாளை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கேள்வி: அண்ணா, என்கிட்ட ஒரு ஸ்கொயர் ஸ்ட்ராட் (ஃபெண்டரோட விலை கம்மி பிராண்டுல வர்ற ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார்) இருக்கு, நடுவுல வெளுப்பா ஓரத்துல கருப்பா வர்ற சன்பர்ஸ்ட் கலர், வாங்கி மூணு வருஷம் ஆகுது, இன்னும் கடையில இருந்து எடுத்துட்டு வந்த மாதிரியே பளபளன்னு இருக்கு. ஃபெண்டரோட ஸ்பெஷல் பட்டறையான கஸ்டம் ஷாப்ல வேணும்னே பழசு மாதிரி தேச்சு விக்கிற ரெலிக் கிட்டார் பாத்தா ஆசையா இருக்கு, விலை லட்சக்கணக்குல போகுது. வீட்லயே உப்புத்தாள் போட்டு தேச்சு, ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா அந்த மெல்லிசு விரிசல் எல்லாம் வந்துடும்னு ஃப்ரெண்டு சொல்றான். பண்ணலாமா? பின்னாடி வித்தா விலை கிடைக்குமா?

பதில்: தம்பி, உங்க கிட்டார், தாராளமா பண்ணலாம். ஆனா நீங்க மனசுல வெச்சிருக்க படம் இந்த கிட்டார்ல வராது, அதை முதல்லயே சொல்லிடுறேன். நீங்க எவ்ளோ பொறுமையா பண்ணாலும் வராது, ஏன்னா பிரச்சனை மேல அடிச்சிருக்க பெயிண்ட்ல இருக்கு.

1950கள்லயும் 60கள்லயும் வந்த ஃபெண்டர், கிப்சன் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அடிச்சது. நம்ம ஊர்ல ஃபர்னிச்சர் பாலிஷ் போடுறவங்க என்.சி. லேக்கர்னு சொல்றாங்களே, அதே குடும்பம். தின்னர் ஆவியாகிப் போய் காயுற சரக்கு அது, மெல்லிசா நிக்கும், வருஷம் போகப் போக மஞ்சளாகும், உள்ள இருக்க இளக்கம் போய் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு ஆயிடும், அப்புறம் குளிர்லயும் வெயில்லயும் கீழ இருக்க மரம் சுருங்கி விரியும்போது மேல இருக்க லேக்கரால கூடவே போக முடியாம கோடு கோடா விட்டுடும். கை படுற எடத்துல வேர்வை பட்டுப் பட்டு தேஞ்சு மரம் தெரியும்.

உங்க ஸ்கொயர்ல இருக்கறது பாலி, அதாவது பாலியெஸ்டர், பாலியூரித்தேன் வகை பெயிண்ட். அது கெமிக்கலா இறுகி கெட்டியாகுற சரக்கு, ஒருதடவை இறுகிட்டா தின்னர் போட்டாலும் கரையாது. ஃபெண்டரே 1968 வாக்குல தடியான பாலியெஸ்டருக்கு மாறிட்டாங்க, கிட்டார் கடையில புதுசாவே இருக்கணும், சீக்கிரம் காயணும், அதுக்குத்தான். பாலி நைட்ரோ மாதிரி தேயாது, மெல்லிசா விரியாது, கீழ விழுந்தா கண்ணாடி மாதிரி சில்லு சில்லா பேந்து வரும், அவ்ளோதான். சந்தேகமா இருந்தா பிக்கார்டை (பாடி மேல ஸ்க்ரூ போட்டிருக்க பிளாஸ்டிக் தகடு) கழட்டி, அதுக்கு அடியில யாரும் பாக்காத எடத்துல ஒரு காட்டன்ல அசிட்டோன் தொட்டு வைங்க, நைட்ரோவா இருந்தா பிசுபிசுன்னு இளகும், பாலியா இருந்தா ஒண்ணும் ஆகாது. பிளாஸ்டிக்ல மட்டும் பட்டுடக் கூடாது, அது கரைஞ்சிடும்.

இப்ப உப்புத்தாள் போட்டா என்ன ஆகும்னா, முதல்ல மேல இருக்க க்ளியர் மங்கும், அப்புறம் கலர், அதுக்குக் கீழ நிறைய கிட்டார்ல வெள்ளையா ஒரு அண்டர்கோட்டு, அதுக்கும் கீழ சீலர், அதெல்லாம் தாண்டித்தான் மரம். ஒவ்வொரு லேயரும் வளையம் வளையமா தெரியும், பழைய வீட்டு சுவத்துல சுண்ணாம்பு பேந்த மாதிரி. முப்பது வருஷம் வாசிச்ச கிட்டார் அப்படி இருக்கவே இருக்காது. மரத்தைத் தொட்டுட்டாலும் அது பழைய ஃபெண்டர்ல வர்ற ஆல்டர் மரம் கிடையாது, பாப்ளர் மாதிரி ஏதாவது வெளுத்த மரமாத்தான் பெரும்பாலும் இருக்கும், சீலர் ஊறி இருக்கறதால கறை ஏத்துனாலும் திட்டுத் திட்டாத்தான் பிடிக்கும்.

ஃப்ரீசர் விஷயம். அது நைட்ரோவுல வேலை செய்யும், ஹேர் டிரையர்ல சூடு காட்டி உடனே குளிர் ஸ்ப்ரே அடிப்பாங்க, கண்ணு முன்னாடியே விரியும். பாலியில எத்தனை நாள் வெச்சாலும் ஒண்ணும் நடக்காது, ஆனா நம்ம ஊர் புழுக்கத்துல வெளிய எடுத்த உடனே ஐஸ்தண்ணி டம்ளர் மாதிரி முழுசா வேர்த்துடும், அந்தத் தண்ணி ஸ்க்ரூ ஓட்டை, பிக்கப் (கம்பியோட அதிர்வை எடுக்குற காந்தச் சுருள்), ஒயரிங்னு எல்லாத்துக்குள்ளயும் இறங்கும், ஒட்டுன எடம் வேற விட்டுப்போக வாய்ப்பு இருக்கு. ஹீட் கன்னும் வேணாம். நான் பல வருஷம் முன்னாடி ஒரு பழைய பாடியில அதை முயற்சி பண்ணேன், பாலி கொப்புளம் கொப்புளமா எழும்பிச்சு, அந்தப் புகை மூக்குல ஏறி ரெண்டு நாள் தலைவலி, பாடியும் போச்சு. அந்தப் புகை நெஜமாவே உடம்புக்குக் கெட்டது, மூடுன ரூம்ல யாரும் பண்ணாதீங்க.

சரி, அப்ப என்னதான் பண்றது? என் அனுபவத்துல ரெலிக் கிட்டாரைக் கையில எடுத்தவங்க முதல்ல சொல்றது நெக் (கையில பிடிக்குற கழுத்துப் பகுதி) பத்தித்தான், வழுவழுன்னு பழகுன மாதிரி இருக்குன்னு. அதை நீங்க ஒரு மணி நேரத்துல கொண்டு வந்துடலாம். நெக் பின்பக்கம் பளபளன்னு கையில ஒட்டுற மாதிரி இருந்தா, விரல் வைக்குற ஃபிரெட்போர்டு ஓரத்துலயும் நெக் நுனியில இருக்க ஹெட்ஸ்டாக்லயும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, க்ரே கலர் ஸ்காட்ச் பிரைட்டால நீளவாக்குல மட்டும் லேசா தேய்ங்க, பாத்திரம் தேய்க்குற பச்சை நார் வேணாம், ஆழமா கோடு விழும். பளபளப்பு போய் மேட்டா ஆன உடனே நிறுத்திடுங்க. பிடிக்கலன்னா ரப்பிங் காம்பவுண்டு போட்டு திரும்ப பளபளப்பு ஆக்கிக்கலாம், இதுல நஷ்டமே இல்ல. ஸ்டீல் வூல் எடுக்காதீங்க, அந்த இரும்புத் தூள் பிக்கப் மேக்னட்ல போய் ஒட்டிக்கிச்சுன்னா எடுக்குறது பெரிய பாடு.

பாடியிலயும் பழைய தோற்றம் கட்டாயம் வேணும்னா 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால முன்கை உரசுற மேல் வளைவுலயும், பெல்ட் பக்கிள் இடிக்குற பின்பக்கத்துலயும் பளபளப்பை மட்டும் குறைங்க, மரம் வரைக்கும் போகாதீங்க, மாஸ்க் போட்டுக்கோங்க. எங்க தேயணும்னு தெரிஞ்சுக்க ப்ளூஸ் ராக் கிட்டாரிஸ்ட் ரோரி கேலஹரோட 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஃபோட்டோவைப் பாருங்க, 1963ல அயர்லாந்துல கார்க் ஊர்ல ஒரு கடையில 100 பவுண்டுக்கு வாங்குனது, கடைசி வரைக்கும் அதைத்தான் வாசிச்சாரு, வேர்வையிலயே சன்பர்ஸ்ட் முக்கால்வாசி போயிடுச்சு. கை எங்க போகுதோ அங்கதான் தேஞ்சிருக்கு. அவர் காலமானது 1995. ஃபெண்டர் கஸ்டம் ஷாப் ரெலிக்னு தேஞ்ச கிட்டாரை விக்க ஆரம்பிச்சதும் அதே 1995லதான்.

முழுசா நைட்ரோ ரெலிக்தான் வேணும்னா, உங்க ஸ்கொயரை விட்டுடுங்க. செகண்ட் ஹேண்ட்ல ரோட் வொர்ன் சீரிஸ் தேடுங்க, 2009ல ஃபெண்டர் கொண்டு வந்தது, மெக்சிகோவுல செஞ்சது, நைட்ரோ ஃபினிஷ், கஸ்டம் ஷாப்பை விட ரொம்பக் கம்மி. இல்லன்னா பெயிண்ட் அடிக்காத பாடி ஒண்ணு வாங்கி என்.சி. லேக்கர் அடிச்சு அதுல கத்துக்கோங்க. தின்னர் பக்குனு பத்திக்கும், மொட்டை மாடியில அடிங்க, பக்கத்துல அடுப்பு, ஊதுவத்தி எதுவும் வேணாம்.

விலை கேட்டீங்க. வீட்ல பழசாக்குன கிட்டாருக்கு வாங்குறவர் அதிகமா குடுக்க மாட்டார், அடிபட்டதுன்னு சொல்லி குறைச்சுத்தான் கேப்பார், வாரண்ட்டி இருந்தா அதுவும் போகும். சவுண்டும் மாறாது. விக்கும்போது நீங்களே தேச்சதுன்னு சொல்லி வித்துடுங்க, அதை மறைக்கவே கூடாது.

கேள்வி: பிரிட்ஜ், ஸ்க்ரூ, டியூனர் எல்லாம் ஆசிட்ல போட்டா பழசு மாதிரி ஆகும்ங்கறாங்க, பாத்ரூம் கழுவுற ஆசிட் போதுமா?

பதில்: ஆசிட்ல போடுறது கிடையாதுங்க, ஆசிட் ஆவி காட்டுறது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல ஒரு சின்ன கிண்ணத்துல ஆசிட் வெச்சு, பார்ட்ஸை அது மேல படாம தனியா வெச்சு மூடுவாங்க, நிக்கல் கொஞ்ச நேரத்துல மங்கிடும். குரோம் லேசுல மசியாது. அந்த ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், கண்ணை எரிக்கும், பக்கத்துல இருக்க ஸ்பேனர், கத்திரிக்கோல்னு எல்லா இரும்பும் துருப்பிடிக்கும். பண்ணியே ஆகணும்னா மொட்டை மாடி, கிளவுஸ், கண்ணாடி, குழந்தைங்க யாரும் பக்கத்துல வரக்கூடாது, பிளீச்சிங் பவுடர் இருக்க எடத்துக்கே ஆசிட்டைக் கொண்டு போகாதீங்க, ரெண்டும் சேர்ந்தா குளோரின் கேஸ் வரும். எடுத்த உடனே ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில கழுவி, துடைச்சு, ஒரு சொட்டு மெஷின் ஆயில் தடவுங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல எலக்ட்ரானிக்ஸ் பி.சி.பி. போர்டுக்கு விக்கிற ஃபெரிக் குளோரைடும் பயன்படுத்துறாங்க, அது கையில துணியில பட்டா கறை போகவே போகாது.

டியூனரையும், பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற சேடிலோட ஸ்க்ரூவையும் மட்டும் இதுல சேக்காதீங்க. டியூனர் உள்ள இருக்க பல்சக்கரம் துருப்பிடிச்சா ட்யூனிங் நிக்காது, சேடில் ஸ்க்ரூ இறுகிட்டா இன்டோனேஷன் (நெக் முழுக்க சுருதி சரியா நிக்குறது) செட் பண்ணவே முடியாது. கடல் பக்கத்துல வீடு இருந்தா ஆசிட்டே வேணாம், பின்பக்கம் நெக்கையும் பாடியையும் பிடிச்சிருக்க நெக் பிளேட்டையும் பிக்கார்டு ஸ்க்ரூவையும் ரெண்டு மழைக்கு மாடியில போட்டு வைங்க.

கேள்வி: ஒருத்தர் 1972 ஸ்ட்ராட், எல்லாம் ஒரிஜினல்னு விக்கிறார். பாடி முழுக்க மெல்லிசு விரிசல், முன்கை எடத்துல மரம் தெரியுது. நம்பலாமா?

பதில்: நீங்க சொன்ன அடையாளத்துலயே எனக்கு சந்தேகம். 1972ல பாடியில தடியான பாலி, அதுல வலை மாதிரி மெல்லிசு விரிசல் முழுசா வர்றது வழக்கம் இல்ல. ஹெட்ஸ்டாக் முகத்துல வேணா லேக்கர் மஞ்சளாகி இருக்கும். பின்னாடி நெக் பிளேட்டைப் பாருங்க, அந்த வருஷ ஸ்ட்ராட்ல மூணு போல்ட்டுதான், ஹெட்ஸ்டாக் முனையில புல்லட் மாதிரி ட்ரஸ் ராட் (நெக்குக்குள்ள ஓடுற இரும்புக் கம்பி) நட் இருக்கும். நாலு போல்ட்டு இருந்தா கேள்வி கேளுங்க. பிக்கார்டைக் கழட்டச் சொல்லுங்க, அடியில கலர் வெளிய இருக்கறதை விட வெளுக்காம இருக்கணும். வால்யூம் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில இருக்க பார்ட்) முதுகுல நம்பர் 137ன்னு ஆரம்பிச்சா சி.டி.எஸ். கம்பெனி, 304னா ஸ்டாக்போல், அடுத்த ரெண்டு நம்பர் வருஷம், கடைசி ரெண்டு எத்தனாவது வாரம். பாட் கிட்டாரை விட பழசா இருக்கலாம், புதுசா இருந்தா மாத்தியிருக்காங்க. நெக் பிளேட் சீரியல் நம்பரை மட்டும் நம்பாதீங்க, நாலு ஸ்க்ரூவோ மூணு ஸ்க்ரூவோ கழட்டுனா யாரும் மாத்திடலாம்.

கழட்ட விடலன்னா வாங்காதீங்க. பழைய கிட்டார் மார்க்கெட்ல திரும்ப பெயிண்ட் அடிச்சதுன்னு தெரிஞ்சா விலை ஏறக்குறைய பாதிதான்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அதனால அவர் ஒரிஜினல் ஃபினிஷ்னு சொல்றதை கையெழுத்தோட எழுதி வாங்கிட்டு, உள்பக்க ஃபோட்டோவையும் எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் பணம் குடுங்க. கடையில பில்லோட வாங்குனா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக வழி இருக்கு, தனி ஆள்கிட்ட வாங்கும்போது அந்தப் பேப்பர்தான் உங்க கையில இருக்க ஒரே சாட்சி.