கொடியைக் கீழே போட்ட பேண்டுக்கு எப்படி முதலிடம்?

கேள்வி: என் மகள் ஆஸ்டின் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் பத்தாவது படிக்கிறாள். நடந்துகொண்டே வாசிக்கும் மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட். போன வாரம் ஒரு போட்டிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். எங்கள் வரிசை முழுக்க எழுந்து நின்று கைதட்டிய பேண்டுக்கு ஐந்தாம் இடம். பேண்டோடு கொடி சுழற்றும் கலர் கார்டு பெண் ஒருத்தி கொடியைக் கீழே போட்டாளே, அந்த பேண்டுக்கு முதலிடம். மகளைக் கேட்டால் "உனக்குப் புரியாதும்மா" என்கிறாள். அடுத்து சான் அன்டோனியோவின் அலமோடோம் ஸ்டேடியத்தில் நடக்கும், பள்ளி பேண்டுகளுக்கான பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா போட்டிக்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பாவையும் அழைத்துப் போகிறோம். அவருக்கு 75 வயது, நாகஸ்வரப் பைத்தியம். நடுவர்கள் எதைப் பார்த்து மார்க் போடுகிறார்கள்? நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கொடி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். போட்டி முடிந்து வெளியே வரும் பெற்றோரில் பாதிப் பேர் நடுவரான என்னிடம் கேட்பது அதைத்தான்.

கொடி விழுந்ததற்காக யாரும் மார்க்கைக் கழிப்பதில்லை. ஒரு காலத்தில் கழித்தார்கள். ட்ரம் கோர் என்னும் பித்தளை, ட்ரம் அணிவகுப்புக் குழுக்களின் உலகில் 1980களின் தொடக்கம் வரை நடுவர் அட்டையும் பென்சிலுமாக மைதானத்துக்குள் சுற்றுவார். கால் பிசகினால் ஒரு கோடு, சுரம் பிசகினால் ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு துளி மார்க் காலி. தப்பே வராத சுலபமான ஷோவைப் போடுபவனுக்குத்தான் அதில் லாபம். அந்த முறை போய்விட்டது. இப்போது கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பிள்ளைகளிடம் எவ்வளவு கடினமானதைக் கேட்டிருக்கிறார்கள், அதில் எவ்வளவை எவ்வளவு சீராகச் செய்து காட்டினார்கள் என்பதுதான் கணக்கு. எட்டு நிமிஷ ஷோவில் ஒரு விநாடி விழுந்த கொடி மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடாது. விழுந்த பிறகு அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதை மட்டும் நடுவர் நன்றாகவே கவனிப்பார். முகம் மாறாமல் குனிந்து எடுத்து, அடுத்த எண்ணிக்கையிலேயே மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள் என்றால் எனக்கு அவள்மேல் மரியாதைதான் கூடும்.

இனி மார்க் தாள். பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா போட்டியில் மொத்தம் 100 மார்க். இசைக்கு 60, காட்சிக்கு 40. இப்படிச் சொன்னால் பாதிதான் புரியும், இன்னொரு விதமாக வெட்டிப் பாருங்கள். வாசிப்பின் சுத்தத்துக்கு 20, நடையின் சுத்தத்துக்கு 20. மீதி 60 மார்க்கும், பேண்ட்காரர்கள் ஜெனரல் எஃபெக்ட் என்று சொல்லும் கணக்கில் வரும். அதில் இசைக்கு இரண்டு நடுவர்கள் ஆளுக்கு 20 போடுவார்கள், காட்சிக்கு ஒருவர் 20 போடுவார். அதாவது ஷோவாக அது நம்மைப் பிடித்து இழுத்ததா, ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்ததா, எழுதியவர் நினைத்தது நமக்கு வந்து சேர்ந்ததா என்பதற்கே பாதிக்கு மேல் மார்க்.

சுத்தத்தைப் பார்க்க இரண்டிரண்டு பேர். ஒருவர் மைதானத்தில் இறங்கி, பிள்ளைகள் மேலே மோதாமல் ஓடி ஓடித் தனித்தனி ஆளாகக் கேட்பார். இன்னொருவர் மேலே பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்து மொத்தக் கூட்டத்தையும் ஒரே ஓசையாகக் கேட்பார். இரண்டின் சராசரிதான் அந்த 20. பார்த்துக்கொண்டே ரெக்கார்டரில் பேசிக்கொண்டும் இருப்பார்கள். அந்தப் பேச்சு அப்படியே பேண்ட் டைரக்டர் கைக்குப் போகும். உங்கள் மகளுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ரகசியங்களில் பாதி அதிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு நடுவரும் தன் தாளை மட்டும்தான் பார்க்கிறார். வாசிப்பைக் கேட்பவருக்குக் கொடி விழுந்ததே தெரியாமல் போயிருக்கலாம். நீங்களோ அத்தனை தாளையும் ஒரே நேரத்தில் நிரப்பப் பார்க்கிறீர்கள். போதாக்குறைக்கு, கண் மகளைத் தேடிக்கொண்டிருக்கும்.

கைதட்டல் வாங்கிய பேண்டுக்கு வருவோம். அந்த ஷோவை நான் பார்க்கவில்லை. ஆனால் ஜனங்கள் எழுந்து நிற்கும் இடம் எது என்று தெரியும். கடைசி முப்பது விநாடி, பித்தளை வாத்தியங்கள் எல்லாம் மைதானத்தின் முன்கோட்டுக்கு வந்து நின்று, வாத்தியத்தின் விரிந்த வாயை நம் முகத்துக்கு நேரே தூக்கி ஊதித் தள்ளுவார்கள். மயிர்க்கூச்செறியும், மறுக்கவில்லை, நானும் எழுந்து நிற்பேன். ஆனால் இதற்குப் பேண்ட் பிள்ளைகளே ஒரு கிண்டல் பெயர் வைத்திருக்கிறார்கள், "நின்று குரைப்பது" என்று. உங்கள் அப்பாவுக்கு இதை ஒரு வரியில் விளக்கலாம். சாமி புறப்பாட்டில் நாயனக்காரர் நடந்துகொண்டே வாசித்தாலும், ராகத்தை விரிக்க வேண்டும் என்றால் ஒரு முக்கில் நின்றுகொள்வார் இல்லையா? நிற்கும்போது வாசிப்பது ஒன்று, நடக்கும்போது வாசிப்பது வேறு. இந்தப் பிள்ளைகள் நிமிஷத்துக்கு 160 காலடி வேகத்தில், முதுகுப் பக்கமாக, நுனிக்காலில் ஓடிக்கொண்டு கமகம் மாதிரி ஒன்றை வாசிக்கிறார்கள். அந்த இடத்தில் ஸ்டேடியத்தில் ஒருவர்கூடக் கைதட்ட மாட்டார், ஆனால் நடுவரின் பேனா ஓடும்.

மெதுவான பாட்டு வரும் இடத்தையும் தவற விடாதீர்கள். பாலட் என்பார்கள். சத்தமாக ஊதும்போது சுருதி கொஞ்சம் விலகினாலும் மறைந்துவிடும். இருநூறு பேர் சேர்ந்து மெல்லிசாக ஊதும்போது ஒளிந்துகொள்ள இடமே இல்லை. நல்ல பேண்ட் என்றால் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, ஒரே பெரிய வாத்தியம் மாதிரி இருக்கும். சுமாரான பேண்டில் ஓசையின் ஓரம் பிசிறடிக்கும். ஐம்பது வருஷம் ஒத்து கேட்டு வளர்ந்த காது அதை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துவிடும். அப்பாவைக் கேளுங்கள், சொல்லுவார்.

பெற்றோர் யாருக்கும் தோன்றாத ஒரு கஷ்டம் இதில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் குறுக்களவு 160 அடி, கிட்டத்தட்ட 49 மீட்டர். ஓசை விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆகவே பின்கோட்டில் நிற்கும் ட்ரம்லைன் அடிக்கும் அடி முன்கோட்டுக்கு வந்துசேர 0.14 விநாடி ஆகிறது. சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் நிமிஷத்துக்கு 160 தாள அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே 0.375 விநாடிதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. எல்லோரும் தாளம் காட்டி நடத்தும் ட்ரம் மேஜரின் கையைப் பார்த்து ஒரே கணத்தில் வாசித்தால், பின்னால் இருப்பவர்களின் ஓசை நம் காதுக்குப் பிந்தித்தான் வரும், தாளம் கிழிந்த மாதிரி கேட்கும். அதனால் முன்னால் இருப்பவர்கள், குறிப்பாக மரிம்பாவும் வைப்ரஃபோனும் வைத்துக்கொண்டு முன்கோட்டில் நகராமல் நிற்கும் பிட் பிள்ளைகள், கையைப் பார்க்காமல் பின்னாலிருந்து வரும் ஓசையைக் காதில் வாங்கி அதன் மேல் வாசிக்கப் பழகுகிறார்கள். பக்கவாட்டில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. கூட்டம் நகர நகர இந்தக் கணக்கும் மாறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு அலமோடோம் கூரை போட்ட மண்டபம், எதிரொலி வேறு கலக்கும். பேண்ட் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி பின்னாலும் ஒரு பாதி முன்னாலும் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தாளம் ஒட்டியிருந்தால் அது பல மாதப் பயிற்சி.

கண்ணுக்கு வருவோம். மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு கோடு. சாதாரண அளவு அந்த ஐந்து கஜத்துக்கு எட்டு காலடி, அதாவது ஒரு காலடிக்கு 22.5 அங்குலம். கூட்டம் சேர்ந்து நின்று காட்டும் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் உண்டு, அதை டாட் என்பார்கள். ஒரு ஷோவில் இப்படிப் பல பத்து டாட். நாம் பார்ப்பது வட்டமும் வளைவும். ஆனால் படம் வந்து நின்றபின் பார்ப்பதில் பெரிய விஷயம் இல்லை, நிற்கும்போது எல்லா பேண்டும் அழகுதான். ஒரு படம் கலைந்து இன்னொன்றாகும் அந்த எட்டு, பதினாறு காலடிகளில் இடைவெளி சமமாக விரிகிறதா, யாராவது கடைசி இரண்டு அடியில் தாவி இடம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு பாதங்களைப் பாருங்கள். ஒரே வரிசையில் பத்துப் பேரின் குதிகால் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிறதா? இடுப்புக்கு மேலே ஏதாவது ஆடுகிறதா? டிராம்போன் பிள்ளையின் தோள் குலுங்கினால் ஓசையும் குலுங்கும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், டெக்சஸில் இது எல்லா வீட்டிலும் சண்டை மூட்டும். நம் மாநிலத்துப் பள்ளிகளுக்கான யூஐஎல் போட்டியில் கணக்கு வேறு. முதல் கட்டமான ரீஜனில் தரம் மட்டும்தான், ஒன்று வாங்கினால் முதல் வகுப்பு மாதிரி, எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கலாம். அடுத்த கட்டங்களான ஏரியாவிலும் ஸ்டேட்டிலும் ஐந்து நடுவர்கள், ஒவ்வொருவரும் போட்ட மார்க் அவரவர் வரிசையில் இடமாக மாறும், அந்த இடங்களைத்தான் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கே வெற்றி. ஒரு பேண்ட் 1, 1, 5, 6, 4 வாங்கினால் 17. இன்னொன்று 3, 2, 2, 3, 2 வாங்கினால் 12. இரண்டு நடுவர்கள் முதலிடம் கொடுத்த பேண்ட், யாருமே முதலிடம் கொடுக்காத பேண்டிடம் தோற்றுப்போகும். அநியாயம் என்று தோன்றும். எல்லா நடுவருக்கும் ஓரளவு பிடித்தது மேலே வரட்டும் என்று செய்த ஏற்பாடு அது.

நடுவர்கள் தப்பே செய்ய மாட்டார்களா என்றால், செய்வோம். நான் முதன்முதலில் ஒரு சின்ன உள்ளூர்ப் போட்டிக்குப் போனபோது காலை முதல் பேண்டுக்கே தாராளமாக மார்க்கைப் போட்டுவிட்டேன். மத்தியானம் உண்மையிலேயே பெரிய பேண்டுகள் வந்தபோது மேலே இடமில்லை. அவர்களையெல்லாம் அரை மார்க், கால் மார்க் இடைவெளியில் நெருக்கி அடுக்க வேண்டியதாயிற்று. அதனால் ஒரு வாரத்து மார்க்கை இன்னொரு வாரத்து மார்க்கோடு வைத்துப் பார்த்து "இரண்டு குறைந்துவிட்டது" என்று மகளிடம் சொல்லாதீர்கள். நடுவர் வேறு, கூட வந்த பேண்டுகள் வேறு. அன்றைக்கு யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்பதுதான் அந்த எண்ணில் உள்ள சேதி.

அலமோடோமில் இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் மகளின் பேண்ட் வரும் முன் ஐந்தாறு பேண்டுகள் இருக்கும். ஒவ்வொரு பேண்டுக்கும் ஒரே ஒரு நடுவரின் நாற்காலியில் உட்காருங்கள். முதல் பேண்டைக் கண்ணை மூடிக் கேளுங்கள். அடுத்ததில் பாதங்கள் மட்டும். அதற்கடுத்ததில் கலர் கார்டு மட்டும். அவர்கள் கொடியை வீசிப் பிடிக்கும் கணம் இசையின் எந்த அடியில் விழுகிறது என்று பாருங்கள், நல்ல ஷோவில் அது வேண்டுமென்றே வைத்த இடமாக இருக்கும். நான்காவதில் ஒன்றையும் ஆராயாமல் சும்மா உட்காருங்கள். எந்த இடத்தில் உங்கள் கை செல்போனுக்குப் போகிறதோ அங்கே எஃபெக்ட் விழுந்துவிட்டது. மகளின் பேண்ட் வரும்போது இதையெல்லாம் மறந்துவிட்டு மகளைப் பாருங்கள், அதற்குத்தானே டிக்கெட்.

டிக்கெட் என்றதும் ஞாபகம் வருகிறது. முன்வரிசை வாங்காதீர்கள். கீழே உட்கார்ந்தால் படம் ஒன்றும் தெரியாது, ட்யூபாவின் வாய்தான் தெரியும். 50 கஜக் கோட்டுக்கு நேராக, எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே. ஷோ நடக்கும்போது உள்ளே வரவோ எழுந்து போகவோ கூடாது, இரண்டு பேண்டுகளுக்கு நடுவில்தான். கொடியோ கலர் கார்டு சுழற்றும் பொம்மைத் துப்பாக்கியோ வானத்துக்குப் போய்க் கையில் வந்து விழுந்தால் நடுவிலேயே கத்தலாம், அது வழக்கம். பாலடில் மூச்சுக் காட்டாதீர்கள். முதல் சுற்றான பிரெலிம்ஸ் வெள்ளி, சனி இரண்டு நாளும் இழுக்கும், ஃபைனல்ஸ் சனி இரவு. அப்பாவை இரண்டு நாளும் உட்கார வைக்க வேண்டாம், மகளின் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அழைத்து வந்தால் போதும். உள்ளே ஏசி குளிரும், அவருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளை முழக்கத்துக்குக் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தால், எனக்குத் தெரிந்த நாகஸ்வர ரசிகர்களை வைத்துச் சொல்கிறேன், வாங்க மாட்டார்.