டிவிடி டிரைவ் ஏன் இழுக்கிறது? – கேள்வி பதில்

மேலூர், ஸ்டூடியோக்காரர்: அண்ணே, டிரைவில் 16எக்ஸ் என்று போட்டிருக்கிறது. பழைய கல்யாண டிவிடியை காப்பி போட்டால் ஆரம்பத்திலேயே நொண்டுகிறது. டிரைவ் போச்சா?

போகவில்லை. டிவிடிக்கு 1எக்ஸ் என்றால் நொடிக்குச் சுமார் 1.38 எம்பி. 16எக்ஸ் என்றால் 22 எம்பி, அதுவும் தட்டின் வெளி ஓரத்தில் மட்டும். உள்வட்டம் சின்னது, ஒரு சுற்றில் கிடைக்கும் டேட்டாவும் குறைவு. பதிவு உள்ளிருந்துதான் தொடங்குகிறது. அதனால் 7எக்ஸ் பக்கம் ஆரம்பித்துப் போகப்போக ஏறும். நடுவில் திடீரென்று விழுந்தால்தான் அழுக்கையோ கீறலையோ பாருங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: எப்படித் துடைப்பது?

நடுவிலிருந்து விளிம்புக்கு, நேராக. வட்டமாகத் தேய்த்தால் கீறல், டேட்டா பதிந்த தடத்தோடு ஓடும். அதைச் சரிசெய்வது டிரைவுக்குக் கஷ்டம். சிடி என்றால் பெயர் எழுதும் பக்கத்தையும் காப்பாற்றுங்கள். டேட்டா அந்தப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது, அங்கே கீறினால் வைத்தியமே இல்லை.

திருமங்கலம், கல்லூரி மாணவி: சிடியில் 5,000 குட்டிக் குட்டி ஃபைல்கள். 52எக்ஸ் டிரைவிலும் ஆமை வேகம்தான், சார்.

இங்கே எக்ஸ் கணக்கு எடுபடாதும்மா. லென்ஸ் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து தடத்தைப் பிடிக்கவே 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஹார்ட் டிஸ்க்கில் அது 10 சொச்சம். ஃபைலுக்கு ஒரு தாவல் என்றால், 5,000 ஃபைலுக்கு எட்டு நிமிடம் தாவலிலேயே போய்விடும். காதை டிரைவ் பக்கம் வைத்தால் அந்த 'டக்... டக்' கேட்கும். முழு சிடியையும் ஐஎஸ்ஓவாக, அதாவது சிடியின் அச்சு அசலான ஒரே ஃபைலாக, ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். லென்ஸ் தாவாமல் ஒரே ஓட்டமாகப் படிக்கும், நல்ல தட்டு என்றால் சில நிமிடத்தில் முடியும். விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் செய்தாலே திறக்கும். கீறல் விழுந்த தட்டுக்கு லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற டேட்டா மீட்பு மென்பொருள் இருக்கிறது. முதலில் நல்ல பகுதியை அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்துக்குப் பிறகு வரும். டிரைவ் வேகத்தைக் கூட்டுகிறேன் என்று வரும் மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சிம்மக்கல் வாசகர்: யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் கிர்ரென்று சுற்றி நின்றுவிடுகிறது.

கரண்ட் பத்தவில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். ஒரு போர்ட்டைப் பலதாக்கும் ஹப் இருந்தால் கழற்றிவிட்டு, கேபினெட்டின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். அப்புறமும் நின்றால், இரண்டு போர்ட்டிலிருந்து கரண்ட் எடுக்கும் இரட்டைத் தலை கேபிள் வாங்குங்கள்.

வாடிப்பட்டி வாசகர்: விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டர். சிடி போட்டால் மவுஸே நகர மாட்டேன் என்கிறது.

பட்டைக் கேபிளில் மதர்போர்டோடு இணையும் பழைய ஐடிஇ வகை டிரைவ்தானே? பிழை பெருகினால் எக்ஸ்பி, டேட்டாவை நேராக மெமரிக்கு அனுப்பும் டிஎம்ஏ முறையை விட்டு பிஐஓ என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். அதில் டேட்டாவைச் சுமக்கும் வேலை முழுக்க பிராசசர் தலையில். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடி இறங்கினால் கேபிளை மாற்றுங்கள்.