செல்ஃப், சார்ஜிங், ஷார்ட்: பைக் வயரிங் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பேட்டரியும் சார்ஜிங்கும்தான். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: வயரில் கை வைக்கும் முன் சாவியை ஆஃப் செய்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. பாசிட்டிவ்வை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால், பேட்டரி நேராக ஷார்ட் ஆகிவிடும்.

செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. மோட்டார் சுற்றவில்லை. பேட்டரி புதியது.

புதியது என்பதற்காகப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். நியூட்ரலில் வைத்து, மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் திருப்பி, பேட்டரி முனைகளில் பிடித்தபடி செல்ஃப் அழுத்துங்கள். 12.6 காட்டியது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது ஒரு செல் போய்விட்டது. 12-ஐ ஒட்டியே நின்றால் கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மற்றதை மோட்டாரின் தடித்த வயர் மாட்டும் டெர்மினலிலும் வையுங்கள். பட்டனை அழுத்தும் முன் 12 காட்டும், அது கணக்கில்லை. அழுத்தியிருக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் நின்றால் ரிலே (பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) காண்டாக்ட் கருகியிருக்கிறது, அல்லது அந்த வயரின் லக் (நுனியில் போல்ட் மாட்டும் வளையம்) லூஸ். அதேபோல் நெகட்டிவ் முனைக்கும், இஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டுக்கும் இடையே பாருங்கள். 0.3-க்கு மேல் என்றால் எர்த் வயரைக் கழற்றி, லக்கையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் அதற்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

வலது பக்க இண்டிகேட்டர் மட்டும் வேகமாக அடிக்கிறது.

அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது, அல்லது வாட் குறைந்த பல்பைப் போட்டிருக்கிறீர்கள். எல்.இ.டி. மாற்றிய பிறகு இரு பக்கமும் வேகமாக அடித்தால், எல்.இ.டி.க்கு ஏற்ற எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் பாகம்) போடுங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன பிரச்சினை?

இதை மட்டும் எழுதினால் நான் என்ன சொல்ல முடியும்? செல்ஃப் சுற்றுகிறதா, நியூட்ரல் லைட் எரிகிறதா, பட்டனை அழுத்தும்போது ஹெட்லைட் மங்குகிறதா, பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா? இந்த நான்கையும் பார்த்து எழுதுங்கள். அதற்கு முன் கில் சுவிட்ச் (இஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்), சைடு ஸ்டாண்ட், கிளட்ச் சுவிட்ச், மெயின் ஃபியூஸ் இவற்றைப் பாருங்கள்.

ஒன்றரை ஆண்டில் மூன்றாவது பேட்டரி. எந்தப் பிராண்ட் வாங்கினால் நீடிக்கும்?

எந்தப் பிராண்ட் வாங்கினாலும் நீடிக்காது. இரண்டு பேட்டரி போன பிறகும் சார்ஜிங் வோல்ட்டேஜை ஒருமுறைகூட யாரும் அளந்து பார்க்கவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அளக்காமல் பொருளை மாற்றும் இந்தப் பழக்கம்தான் வண்டிக்காரர்களின் பணத்தைத் தின்கிறது. பேட்டரி மாற்றி, ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) மாற்றி, காயில் (இஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் சுருள்) மாற்றி, கடைசியில் பார்த்தால் ஒரு கனெக்டர் உருகிக் கிடக்கும். முழுப் பரிசோதனைக்கும் அரை மணி நேரம் போதும்.

சார்ஜரில் முழுதாக ஏற்றிய பேட்டரியை நாலைந்து மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6-இல் இருந்து 12.8 வரை காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழேயே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. புதிய பேட்டரிகள் சீக்கிரம் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

அதை மாட்டி, இஞ்சினை 5000 ஆர்.பி.எம். அளவில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளங்கள். 13.8-இல் இருந்து 14.5 வரை வந்தால் சார்ஜிங் சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி பக்கவாட்டில் உப்பும், அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் அடிக்கடி போகும். அப்படியானால் அன்றே ரெகுலேட்டரை மாற்றுங்கள். ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் 13-ஐத் தொடவில்லையா? பேட்டரிக்கு வேண்டிய கரண்ட் வரவில்லை.

இப்போது காயிலில் இருந்து ரெகுலேட்டருக்குப் போகும் கனெக்டரைப் பிடுங்குங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஒரே நிறத்தில் 3 வயர் இருக்கும், அநேகமாக மஞ்சள். பிடுங்கியதும் முதலில் கண்ணால் பாருங்கள். ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும், அந்த வயரின் உறை விறைத்துப் போயிருக்கும். காரணம் எளிது. லூஸான பின்னில் 0.1 ஓம் தடை, அதன் வழியே 15 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு பின்னில் மட்டும் 22 வாட்டுக்கு மேல் சூடு. ஒரு சிறிய சால்டரிங் அயர்னைக் கனெக்டருக்குள் செருகி வைத்ததற்குச் சமம். கருகிய பின்னைத் தேய்த்து மறுபடி மாட்டாதீர்கள். ஸ்பிரிங் பிடிப்பு ஒருமுறை சூட்டில் போனால் திரும்பாது. இரு பக்கமும் புதிய டெர்மினலைச் சரியான கிரிம்பிங் பிளையரால் அழுத்திப் போடுங்கள்.

கனெக்டர் நன்றாக இருந்தால், அதைப் பிடுங்கியபடியே மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி, 5000 ஆர்.பி.எம்.மில் மூன்று வயர்களையும் இரண்டிரண்டாக அளங்கள். மூன்று அளவும் 50 வோல்ட்டுக்கு மேல், ஏறக்குறைய சமமாக வர வேண்டும். முனைகளைக் கையால் தொடக் கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால் காயில். இஞ்சினை நிறுத்திவிட்டு, எந்த மஞ்சள் வயருக்கும் இஞ்சின் பாடிக்கும் தொடர்பு காட்டினாலும் காயில்தான். மூன்றும் சரி, பாடியோடு தொடர்பும் இல்லை என்றால், ரெகுலேட்டரில் இருந்து பேட்டரி வரை வயரும் ஃபியூஸும் சரியா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே ரெகுலேட்டரை மாற்றுங்கள். மாற்றியதைக் காற்று படும் இடத்திலேயே மாட்டுங்கள். பெரும்பாலானவை மிச்சக் கரண்டைச் சூடாக்கித்தான் கழிக்கின்றன.

இதெல்லாம் முடிந்தபின் பேட்டரி வாங்குங்கள். 9 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியானால் சுமார் 0.9 ஆம்பியரில் முழுதாக ஏற்றிய பிறகு மாட்டுங்கள்.

15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 30 போட்டேன், போகவில்லை. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். இன்றே 30-ஐக் கழற்றுங்கள். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அது போகாவிட்டால் வயர் உருகும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்த இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு பழைய 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை வயர் போட்டு மாட்டுங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் ஆஃபில் இருக்கட்டும், சாவி மட்டும் ஆன். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். லேசாக மினுங்கினால் அது வண்டியின் வழக்கமான கரண்ட். இப்போது ஹேண்டிலை இடதும் வலதும் முழுதாகத் திருப்புங்கள், வயர் கட்டை அங்கங்கே அசையுங்கள். பல்பு எந்த இடத்தில் திடீரென மங்குகிறதோ, அங்கே உறை தேய்ந்த வயர் இருக்கிறது. முதலில் ஸ்டீயரிங் கழுத்து, பிறகு டேங்கின் அடிப்பக்கம், பிறகு பின் மட்கார்டில் டெயில் லைட் வயர். பிரேக், ஹாரன், இண்டிகேட்டரை ஒவ்வொன்றாகப் போட்டும் பாருங்கள். அவற்றில் ஒன்றைப் போட்டால் மட்டும் பல்பு முழுதாக எரிந்தால் ஷார்ட் அந்த வழியில்தான். கண்டுபிடித்ததும் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி வயரை இறுக்கும் குழாய்) போடுங்கள். இன்சுலேஷன் டேப் வெயிலில் இளகி உரிந்துவிடும்.

பிரேக் லைட் அணையவே இல்லை.

பின் பிரேக் சுவிட்சின் அட்ஜஸ்ட்மென்ட். சுவிட்ச் பாடியைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். பாடியைத் திருப்பினால் வயர் முறுக்கி அறும். சரியாகவில்லை என்றால் முன் பிரேக் லீவர் சுவிட்ச்.

ஒரு வாரம் நிறுத்தினாலே பேட்டரி இறங்குகிறது. ஓட்டும்போது சார்ஜ் சரி.

சாவி ஆஃபில் இருக்க நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையில், குறைவாக இருந்தால் மில்லி ஆம்பியருக்கு மாற்றுங்கள். இந்த நிலையில் சாவியையோ செல்ஃபையோ போட்டால் மீட்டரின் ஃபியூஸ் போகும். ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் பரவாயில்லை. 20 என்றால் 9 ஏ.ஹெச். பேட்டரி சுமார் 9 நாளில் பாதி காலி. முதலில் நீங்களாகச் சேர்த்தவற்றைப் பிடுங்குங்கள்: அலாரம், யு.எஸ்.பி. சார்ஜர், டிராக்கர். அப்போதும் குறையாவிட்டால் ரெகுலேட்டர் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். அதோடு அளவு விழுந்தால் உள்ளே டயோடு கசிகிறது.

இஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிச் சார்ஜிங்கைச் சோதிக்கலாமா?

கூடவே கூடாது. வோல்ட்டேஜ் எகிறி ஈ.சி.யு. (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), வண்டியின் மீட்டர், பல்புகள் எல்லாம் போகும்.

மழையில் மட்டும் இஞ்சின் திணறுகிறது.

பிளக் கேப்பில் வெடிப்பு இருக்கும், அல்லது ரப்பர் சீல் இறுகியிருக்கும். இருட்டில் இஞ்சினை ஓடவிட்டு, அருகில் பெட்ரோல் கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு, கேப்பின் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். வெளியே நீலப் பொறி ஓடினால் கேப்பை மாற்றுங்கள். கேப்பைத் திருகிக் கழற்றி, வயர் நுனியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் 5 மில்லிமீட்டர் நறுக்கிவிட்டுப் புதியதைத் திருகுங்கள். ரெசிஸ்டர் கேப்பாக இருந்தால் மீட்டரில் சுமார் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும்.